ஊரடங்கில் மதுரை எப்படிச் சாப்பிட்டது?

[திரையில்: விடியற்காலைக் கீழமாசி வீதி. மூட்டை ஏற்றிய ட்ரைசைக்கிள்கள் ஒன்றன்பின் ஒன்றாக.]

வணக்கம். 2020 ஊரடங்கைப் பற்றிப் பேச்சு வந்தால் நம்ம ஊரில் யாராவது ஒருத்தர் தவறாமல் சொல்வார்: "சனத்துக்கு அறிவே இல்லப்பா. கடை தொறந்தாப் போதும், ஈ மாதிரி மொய்ச்சிட்டாங்க." டிவியில் காட்டிய படங்களும் அப்படித்தான் இருந்தன. மூக்குக்குக் கீழே இறங்கிய மாஸ்க், கையில் கட்டைப்பை, முட்டி மோதும் கூட்டம். ஆனால் அந்தக் கூட்டத்துக்கு ஒரு கணக்கு இருக்கிறது. அதைப் போட்டுப் பார்த்தால், பழியைச் சனத்தின் தலையில் மட்டும் போட முடியாது.

முதலில் தேதிகளை ஓட்டிவிடுவோம். 2020 மார்ச் 22, ஞாயிற்றுக்கிழமை, சுய ஊரடங்கு. 24-ஆம் தேதி மாலை 6 மணிக்குத் தமிழ்நாடு முழுக்க 144 தடை. அன்று இரவு 8 மணிக்குப் பிரதமர் டிவியில் வந்து, நள்ளிரவிலிருந்து 21 நாள் நாடே அடைப்பு என்றார். அடுத்த நாள் காலையில் தமிழ்நாட்டின் முதல் கொரோனா மரணச் செய்தி வருகிறது. எங்கிருந்து? நம்ம பெரியாஸ்பத்திரியிலிருந்து, அதாவது மதுரை அரசு ராஜாஜி மருத்துவமனையிலிருந்து. அதுவரை சீனா, இத்தாலி என்று கேட்டுக்கொண்டிருந்த நோய், ஆஸ்பத்திரி இருக்கிற கோரிப்பாளையத்துக்கே வந்துவிட்டது.

பால், மருந்து, காய்கறி, பலசரக்கு மட்டும் உண்டு என்றார்கள். மார்ச் 29-லிருந்து காய்கறி, பலசரக்குக் கடைகளுக்கு நேரம் காலை 6 முதல் மதியம் 2.30 வரை. ஏப்ரல் 5-லிருந்து அதுவும் 1 மணியோடு சரி.

[திரையில்: கடிகாரம். கீழே ஒரு தெருமுனைக் கடை.]

இப்போது கணக்கு. உங்கள் தெருமுனைப் பலசரக்குக் கடையை எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு ஆளிடம் சாமான் சிட்டையை வாங்கி, எடை போட்டு, பொட்டலம் கட்டி, சில்லறை கொடுக்க 3 நிமிடம் என்று வையுங்கள். சாதாரண நாளில் கடை காலை 6 முதல் இரவு 10 வரை. 16 மணி நேரத்தில் 320 பேர் வந்து போகலாம். 2.30-க்கு மூடினால் 170 பேர். 1 மணிக்கு மூடினால் 140. தெருவில் குடியிருக்கிற ஆட்கள் குறையவில்லை, சாப்பிடுகிற வயிறும் குறையவில்லை. முன்பு நாள் முழுக்கப் பிரிந்து வந்தவர்கள் எல்லாம் இப்போது முற்பகலுக்குள் வந்தாக வேண்டும். நேரத்தைக் குறைத்தால் கூட்டம் குறையும் என்று நினைத்தது நல்ல எண்ணம்தான். நடந்தது நேர்மாறு.

"ஒரே தடவை போய் ஒரு வாரத்துக்கு வாங்கிப் போட்டால் என்ன?" இந்தக் கேள்வியையும் அடிக்கடி கேட்டோம். கேட்டவர்கள் பெரும்பாலும் மாதச் சம்பளக்காரர்கள். செல்லூர், அனுப்பானடி, நெல்பேட்டைப் பக்கமெல்லாம் எத்தனையோ வீடுகளில் சாமான் வாங்குவது அன்றைக்கு அன்றைக்குத்தான். சித்தாள் வேலைக்குப் போனவர், லோடு ஏற்றியவர், ஆட்டோ ஓட்டியவர் சாயங்காலம் கூலியோடு திரும்பும்போது கடையில் நிற்பார். கால் கிலோ பருப்பு, இருபது ரூபாய்க்கு எண்ணெய், பத்து ரூபாய்க்குத் தக்காளி, ஒரு காப்பித்தூள் பாக்கெட். அன்றாடங்காய்ச்சி என்று நாம் சொல்வது சும்மா இல்லை. ஒரு வாரச் சாமானை மொத்தமாக வாங்க, ஒரு வாரக் கூலி மொத்தமாகக் கையில் இருக்க வேண்டும். கூலியே நின்றுபோன வாரம் அது.

இதன் உச்சம் ஏப்ரல் 25, சனிக்கிழமை. முந்தின நாள்தான் அறிவிப்பு வந்தது: சென்னை, கோவை, மதுரை மாநகராட்சிகளில் 26 முதல் 29 வரை நான்கு நாள் முழு ஊரடங்கு, பலசரக்குக் கடையும் கிடையாது என்று. நான்கு நாள் சாமானை ஒரே நாளில் வாங்கச் சொன்னால் என்ன ஆகும்? கூட்டத்தைப் பார்த்துவிட்டு, அன்றைக்கு மட்டும் நேரத்தைப் பிற்பகல் 3 மணி வரை நீட்டினார்கள். ஒரு மாதமாகக் காப்பாற்றி வந்த இடைவெளியை ஒரே காலையில் அழித்த நாள் என்றால் அதைத்தான் சொல்வேன்.

[திரையில்: வரைபடம். ஒட்டன்சத்திரம், விருதுநகர், தேனி ஆகிய ஊர்களிலிருந்து மதுரைக்கு அம்புக்குறிகள்.]

சரி, சாமான் இருந்ததா? இருந்தது, வந்து சேரும் வழியில்தான் சிக்கல். மதுரைக்குக் காய் பெரும்பாலும் ஒட்டன்சத்திரத்திலிருந்தும் தேனிப் பக்கமிருந்தும் வரும். கேரட், பீன்ஸ் கொடைக்கானல் மலையிலிருந்து இறங்கும். பருப்பு, வத்தல், எண்ணெய்க்கு விருதுநகர். இவை மாட்டுத்தாவணி, பரவை மார்க்கெட்டுகளுக்கும் மொத்த வியாபார மண்டிகள் இருக்கிற கீழமாசி வீதிக்கும் வந்து, அங்கிருந்து குட்டியானையிலும் ட்ரைசைக்கிளிலும் தெருக் கடைகளுக்குப் போகும். சரக்கு லாரிக்குத் தடை இல்லை என்று உத்தரவு இருந்தது. ஆனால் லாரி ஓட்டுகிறவருக்கு வழியில் சாப்பாட்டுக் கடை இல்லை, பஞ்சர் ஒட்ட ஆள் இல்லை, சோதனைச் சாவடிக்குச் சாவடி விளக்கம் சொல்ல வேண்டும். மண்டியில் மூட்டை இறக்கும் ஆட்களில் பலர் உசிலம்பட்டி, மேலூர்ப் பக்கத்துக் கிராமத்துக்காரர்கள். பஸ் நின்றதும் அவர்கள் வரவும் நின்றது. சரக்கு வந்து நிற்கும், இறக்க ஆள் இருக்காது. நடுவில் சில நாள் சில சாமான் கிடைக்காமல் போனதற்கும், விலை ஏறியதற்கும் பாதிக் காரணம் இதுதான். மீதிப் பாதி, வாய்ப்பு வந்ததென்று விலையை ஏற்றியவர்கள். அவர்களும் இருந்தார்கள், மறைப்பானேன்.

கடை வாசலில் வட்டம் போட்டது நினைவிருக்கும். சுண்ணாம்புத் தூளில், பெயின்ட்டில், சில இடங்களில் கோலமாவில். சித்திரை வெயிலில் அந்த வட்டத்துக்குள் நின்றால் பத்தே நிமிடத்தில் தலை சுற்றும். அதனால் நம்ம ஆட்கள் ஒரு வழி கண்டுபிடித்தார்கள். வட்டத்துக்குள் செருப்பு நின்றது, பை நின்றது, ஒரு செங்கல் நின்றது. ஆட்கள் எதிரே வேப்ப மர நிழலில் ஒட்டி நின்று கதை பேசிக்கொண்டிருந்தார்கள். "அந்த நீலப் பை என்னுது மதினி, கொஞ்சம் தள்ளி விடுங்க" என்று குரல் வரும். செருப்புகளுக்குள் சமூக இடைவெளி அருமையாகக் கடைப்பிடிக்கப்பட்டது.

ரேஷன் கடை கொஞ்சம் மேல். அரிசி அட்டைக்கு ஆயிரம் ரூபாயும், ஏப்ரல் மாதத்துக்கு அரிசி, ஒரு கிலோ சீனி, ஒரு கிலோ துவரம்பருப்பு, ஒரு லிட்டர் பாமாயில் இலவசமும் அறிவித்து, ஏப்ரல் 2-லிருந்து கொடுக்கத் தொடங்கினார்கள். என்றைக்கு, எத்தனை மணிக்கு வர வேண்டும் என்று டோக்கன். மே, ஜூனுக்கும் சாமான் இலவசமாகத் தொடர்ந்தது. மத்திய அரசின் திட்டத்தில் ஆளுக்கு 5 கிலோ அரிசி தனியாக. அரிசி, பருப்பு, எண்ணெய், சீனி ஆயிற்று. புளி, வத்தல், மல்லி, சோப்பு, பிள்ளைக்கு ஒரு பிஸ்கட்? அங்கேதான் தெருமுனைக் கடையில் கடன் எழுதும் பற்று நோட்டு வருகிறது.

[திரையில்: நீளவாக்கில் மடித்த பழைய நோட்டு. ஓரமெல்லாம் எண்ணெய்க் கறை.]

இந்த நோட்டைக் கொஞ்சம் நிதானமாகப் பார்ப்போம். இதில் பெயர்கள் இருக்காது. "மாடி வீடு", "ஆட்டோ", "பால்காரர் மகள்", "கொத்தனார் 2" என்றிருக்கும். கொத்தனார் 1 வேறு தெருவில் இருப்பார். பக்கத்தில் தொகை, தொகைக்கு மேல் ஒரு கோடு அடித்தால் கொடுத்தாயிற்று. ஊரடங்குக்கு முந்தைய பக்கங்களில் கோடுகள் நிறைய. ஏப்ரல், மே பக்கங்களில் கோடே இல்லாமல் தொகைகள் மட்டும் இறங்கிக்கொண்டே போகும்.

"அண்ணே, இதையும் எழுதிக்கிருங்க. வேலைக்குப் போனதும் குடுத்துர்றேன்."

"எழுதியாச்சு தாயி. நாளைக்கு வரும்போது காலி எண்ணெய் பாட்டிலைக் கொண்டுவா, ஊத்தித் தாரேன்."

எந்தப் பேங்கும் கொடுக்காத கடன் இது. ஜாமீன் இல்லை, வட்டி இல்லை, கையெழுத்துகூட இல்லை. கடைக்காரர் தரும பிரபு என்று சொல்ல வரவில்லை. ஊரடங்கு முடிந்தாலும் இதே ஆட்கள்தான் இவரிடம் வாங்க வேண்டும், அவருக்கும் அது தெரியும். அந்த நேரத்தில் பெரிய சூப்பர் மார்க்கெட்டுகளின் ஆப்பில் டெலிவரிக்கு நேரமே கிடைக்கவில்லை. கிடைத்தவர்களும் முதலில் பணம் கட்ட வேண்டும். தெருக் கடைக்காரர் செய்தது வேறு: "அக்கா, சிட்டையை எழுதி போட்டோ எடுத்து வாட்ஸ்அப்ல போட்டு விட்ருங்க, பையன் கொண்டாந்து வச்சிருவான்." கதவில் பையை மாட்டிவிட்டுப் போவான் பையன். தொற்று வந்ததால் தகரம் அடித்து மூடிய தெருக்களில், தடுப்புக்கு மேலாகக் கைமாறியது. தகரத்துக்கு அந்தப் பக்கம் தனிமையில் இருந்த வீட்டுக்கு அக்கம்பக்கத்தார் சேர்த்து வாங்கிக் கொடுத்ததும் நடந்தது. அந்த வீட்டு வாசல் வழியாகப் போகவே மறுத்து, முகத்தைத் திருப்பிக்கொண்டதும் நடந்தது. இரண்டும் ஒரே தெருவில்.

சாப்பாடு ஒரு பக்கம். பூ? சித்திரை, வைகாசி மல்லிகை கொட்டுகிற காலம். செடிக்கு ஊரடங்கு தெரியாது. மொட்டைத் தினமும் விடிவதற்குள் பறித்தாக வேண்டும். விட்டால் செடியிலேயே விரிந்து வீணாகும், அடுத்த மொட்டும் பாதிக்கும். மாட்டுத்தாவணி பூ மார்க்கெட் அடைப்பு, கோயில் அடைப்பு, கல்யாணங்கள் வீட்டுக்குள். பறிக்கும் கூலிகூட தேறாமல் பலர் பூவைச் செடியோடு விட்டார்கள், சிலர் சென்ட் தொழிற்சாலைக்குக் கிடைத்த விலைக்குக் கொடுத்தார்கள்.

மே 4, மீனாட்சி திருக்கல்யாணம். பக்தர்கள் இல்லை, பட்டர்கள் மட்டும். இணையத்திலும் டிவியிலும் ஒளிபரப்பினார்கள். மதுரைப் பெண்கள் அந்த நேரத்தில் தாலிக் கயிறு மாற்றுவது வழக்கம். செல்போனைச் சாமி படத்துக்குப் பக்கத்தில் சாய்த்து வைத்துவிட்டு வீட்டிலேயே மாற்றினார்கள். கயிறு எங்கிருந்து? அதே பலசரக்குக் கடையில், மஞ்சள் பொட்டலத்தோடு. அழகர் அந்த வருஷம் ஆற்றில் இறங்கவில்லை. சுண்டல் விற்பவர், விசிறி விற்பவர், பலூன்காரர், தண்ணீர் பீய்ச்சும் தோல்பையான தோப்பரையைத் தைப்பவர் என்று சித்திரைத் திருவிழாவை நம்பி ஒரு வருஷத்தை ஓட்டுகிறவர்களுக்கு அந்த ஒரு வரியின் அர்த்தம் புரியும்.

அப்புறம் ஜூன். பரவை மார்க்கெட்டில் தொற்று பரவியது. மதுரை மாநகராட்சி, பரவை பேரூராட்சி, மதுரை கிழக்கு, மேற்கு, திருப்பரங்குன்றம் ஒன்றியங்களில் ஜூன் 24 முதல் மீண்டும் முழு ஊரடங்கு. முதலில் ஜூன் 30 வரை என்றார்கள், அது ஜூலை பாதி வரை இழுத்தது. கடை அடைத்தாலும் அடைக்காவிட்டாலும் ஆட்கள் ஒரே இடத்துக்கு வந்து சேர்கிற வரைக்கும் தொற்று நிற்காது என்பதை மார்க்கெட்டே காட்டிவிட்டது.

[திரையில்: காய்கறி ஏற்றிய வண்டி, மைக் கட்டியபடி தெருவுக்குள் நுழைகிறது.]

2021-ல் இரண்டாம் அலை. இந்த முறை ஆட்கள் சாமானைத் தேடிப் போகாமல், சாமானை ஆட்களிடம் அனுப்பினார்கள். மே 24 முதல் ஒரு வாரம் காய்கறிக் கடை, பலசரக்குக் கடை எதுவும் கிடையாது. தோட்டக்கலைத் துறையும் உள்ளாட்சிகளும் சேர்ந்து காய், பழத்தை வண்டியில் தெருத் தெருவாகக் கொண்டுவந்தன. அடுத்த வாரம் பலசரக்குக் கடைக்காரர்களே வண்டியில் விற்க அனுமதி. என்னைக் கேட்டால் இதை முதல் வருஷமே செய்திருக்கலாம். ஆனால் மே 22, 23 இரண்டு நாளும் இரவு 9 மணி வரை எல்லாக் கடையும் திறக்கலாம் என்று விட்டதில், பழைய கூட்டம் திரும்பவும் கூடியது. அறிவிப்புக்கும் அடைப்புக்கும் நடுவில் கிடைக்கிற அந்த ஓரிரு நாள்தான் இரண்டு வருஷமும் ஆபத்தான நாள்.

வண்டியில் இன்னொரு சங்கடமும் உண்டு. வண்டிக்காரர் ரொக்கம் கேட்பார், இல்லையென்றால் ஜிபே. "எழுதிக்கிருங்கண்ணே" என்று அவரிடம் சொல்ல முடியாது, நாளைக்கு அவர் எந்தத் தெருவுக்குப் போவாரோ. கையில் காசு இல்லாத வீடு, வண்டி போன பிறகு, பாதி ஷட்டரைத் தூக்கி வைத்திருக்கும் கடைக்காரரிடம்தான் மெதுவாகப் போய் நின்றது.

அந்த நோட்டுகள் என்ன ஆயின? வேலை தொடங்கியதும் பலர் ஐம்பது, நூறாகக் கொடுத்துக் கழித்தார்கள். சிலர் வாடகை கட்ட முடியாமல் வீட்டைக் காலி செய்துகொண்டு சொந்த ஊருக்குப் போனார்கள், அவர்கள் பக்கத்தில் கோடு விழவில்லை. அதே நேரம் கீழமாசி வீதி மண்டிகள், முன்பு வாரத் தவணையில் கொடுத்த சரக்குக்கு ரொக்கம் கேட்கத் தொடங்கின. மேலே ரொக்கம், கீழே கடன். நடுவில் மாட்டிய சில சின்னக் கடைகள் நகையை அடகு வைத்து ஓடின, சில ஷட்டரை இறக்கிவிட்டன. தாக்குப்பிடித்த கடைகளில் வாட்ஸ்அப் சிட்டை இன்றும் நடக்கிறது. கணக்கு மட்டும் இன்னும் நோட்டில்தான்.