வெளுத்துப் போன பில்லும் இரண்டு ரூபாய் ஜெராக்ஸும்

வணக்கம் மக்களே! இன்றைக்குச் சமையலறை இல்லை, பீரோ முன்னால் உட்கார்ந்திருக்கிறேன். பின்னால் இறைந்து கிடப்பதெல்லாம் பழைய பில்லும் ஃபைலும். ஃபேனைப் போட்டால் பேப்பர் பறக்கிறது, நிறுத்தினால் வேர்க்கிறது. கொஞ்சம் பொறுத்துக்கொள்ளுங்கள்.

விஷயம் இதுதான். 2025 அக்டோபர் 9ஆம் தேதி உச்ச நீதிமன்றத்தில் ஒரு தீர்ப்பு வந்தது. நீதிபதிகள் நாகரத்னா, விஸ்வநாதன் இரண்டு பேரும் சொன்னது. வாடகைத்தாய்ச் சட்டத்தில் பெற்றோருக்கு ஒரு வயது வரம்பு இருக்கிறதே, மனைவிக்கு 23 முதல் 50, கணவருக்கு 26 முதல் 55, அது சட்டம் வருவதற்கு முன்பே கருவை உறைய வைத்தவர்களுக்குப் பொருந்தாதாம். சட்டம் நடைமுறைக்கு வந்தது 2022 ஜனவரி 25. அதற்கு முந்தைய கரு என்றால் வயதைக் காட்டித் தடுக்கக் கூடாது. செய்தியைப் படித்ததும் தோசையை அடுப்பிலேயே விட்டுவிட்டு ஓடி வந்து பீரோவைத் திறந்தவள்தான்.

பழைய வீடியோ பார்த்தவர்களுக்கு எங்கள் கதை தெரியும். புதிதாக வந்தவர்களுக்காகச் சுருக்கமாக: 2019இல் எனக்குக் கர்ப்பப்பையை எடுத்துவிட்டார்கள், சினைப்பையை விட்டுவைத்தார்கள். 2021 நவம்பரில் என் கருமுட்டை, அவருடைய விந்து, இரண்டையும் சேர்த்து நான்கு கருக்களை உறைய வைத்தோம். சித்தி மகள் சுமக்கிறேன் என்று தானாகவே சொன்னாள். ஜனவரியில் சட்டம் வந்தது, வாடகைத்தாய்க்கான தகுதிச் சான்றிதழுக்கு அலைய ஆரம்பித்தோம், அலைந்துகொண்டே இருந்தோம், ஒரு நாள் பார்த்தால் எங்கள் வீட்டுக்காரருக்கு வயது தாண்டிவிட்டது.

அதிலும் பாருங்கள், ஸ்கூல் சர்டிபிகேட்டில் 56, ஜாதகத்தில் 55! அவர் பிறந்தது கார்த்திகை மாதம். 1974இல் ஒன்றாம் வகுப்பில் சேர்க்கப் போனபோது ஐந்து வயது ஆகவில்லை. தலைக்கு மேல் கையைப் போட்டு எதிர்ப்பக்கக் காதைத் தொடச் சொல்லியிருக்கிறார் ஹெட்மாஸ்டர். கை எட்டவில்லை. "பரவாயில்லை, ஜூன் 1 போட்டுக்கலாம்" என்று எழுதிவிட்டார். உங்கள் வீட்டிலும் ஒரு ஜூன் 1 இருப்பார், கமெண்டில் சொல்லுங்கள். ஐந்தாறு மாதம் முன்னதாகப் பள்ளிக்கூடம் போனதில் என்ன ஐ.ஏ.எஸ். ஆகிவிட்டாரா? மாமியாரிடம் கேட்டேன். "அவனை வீட்டில் வைத்து மேய்க்க முடியாதுடி" என்றார். அதற்கு மேல் என்ன பேச!

சரி, பில்லுக்கு வருகிறேன். கருவை உறைய வைத்தது 2021 நவம்பர் என்று காட்ட வேண்டும் இல்லையா? மஞ்சப்பைக்குள் பத்திரமாக மடித்து வைத்திருந்த பில்லை எடுத்துப் பிரித்தால், வெள்ளை. சுத்த வெள்ளை. இதோ, கேமரா பக்கத்தில் காட்டுகிறேன், ஏதாவது தெரிகிறதா? பஸ் டிக்கெட் மாதிரி வழவழ பேப்பரில் அடித்துக் கொடுக்கிறார்கள் பாருங்கள், நான்கு வருடத்தில் எழுத்தெல்லாம் ஆவியாகிவிட்டது. வருடத்துக்கு இருபதாயிரம் சேமிப்புக் கட்டணம் வாங்குகிற இடத்தில் நல்ல பேப்பருக்குப் பஞ்சம்! போன் செய்தால், பழைய பதிவு வேறு கணினியில் இருக்கிறது, பதினைந்து நாள் ஆகும் என்கிறார்கள். பெயர் சொல்ல மாட்டேன், என் கரு இன்னும் அவர்கள் ஃப்ரீசரில்தான் இருக்கிறது.

அழுதே விட்டேன். அப்புறம்தான் எங்கள் தெரு ஜெராக்ஸ் கடைத் தம்பி ஞாபகம் வந்தது. அப்போது வேறு எதற்கோ காப்பி எடுக்கப் போனவளிடம், "அக்கா, இந்தப் பேப்பர் நிக்காது, இதையும் ஒண்ணு எடுத்து வச்சுக்கங்க" என்றான். இரண்டு ரூபாய்க்குச் சில்லறை இல்லை என்று நான் முகம் சுளித்தது கூட நினைவிருக்கிறது. அந்தக் காப்பி கிடைத்துவிட்டது மக்களே! ரேஷன் கார்டு உறைக்குள். தேதி, நான்கு கரு என்ற எண்ணிக்கை, எல்லாம் கறுப்பு மையில் பளிச்சென்று. நேற்று அவனுக்கு ஒரு கிலோ ஜாங்கிரி கொடுத்துவிட்டு வந்தேன். எதற்கு என்று புரியாமல் வாங்கிக்கொண்டான்.

அதற்காக நாளைக்கே எல்லாம் நடந்துவிடும் என்று நினைக்காதீர்கள். தீர்ப்பு நேரடியாக அந்த வழக்குப் போட்ட மூன்று தம்பதிகளுக்கு. எங்களை மாதிரி மற்றவர்கள் உயர் நீதிமன்றம் போகலாம் என்று சொல்லியிருக்கிறார்கள். திண்டுக்கல்காரர்களுக்கு மதுரைக் கிளை. வயது வரம்பு சரியா தவறா என்று நீதிபதிகள் பேசவில்லை, பழைய ஆட்களுக்கு அது இல்லை என்பதோடு நிறுத்திக்கொண்டார்கள். அரசுத் தரப்பில், வயதானவர்கள் குழந்தையை எப்படி வளர்ப்பார்கள் என்று கேட்டார்களாம். இயற்கையாகப் பெற்றுக்கொள்கிறவர்களுக்கு யார் வயது வரம்பு வைத்திருக்கிறார்கள்? நீதிமன்றமும் அதைத்தான் கேட்டது. அந்த இடத்தில் எழுந்து நின்று கைதட்டினேன்.

ஒன்றை விட்டுவிட்டேன், அதுதான் பெரிய இடி. தீர்ப்பு எங்கள் வயதுக்குத்தான். சுமக்கிறவளுக்கு 25 முதல் 35. என் சித்தி மகளுக்கு அப்போது 33, இப்போது 37! கல்யாணம் ஆனவளாக இருக்க வேண்டும், சொந்தக் குழந்தை இருக்க வேண்டும், வாழ்நாளில் ஒரே தடவைதான். மருத்துவச் செலவும் 36 மாதக் காப்பீடும் போக ஒரு ரூபாய் கையில் கொடுத்தால் குற்றம். இதற்குப் பெயர் "வாடகை"த்தாய். வாடகையே கொடுக்கக் கூடாது என்கிற சட்டத்துக்கு இந்தப் பெயரை யார் வைத்தார்களோ, எனக்கு அந்தச் சொல்லே பிடிக்காது. அவள் போன் செய்து, "அக்கா, ஆறு மாதத்தில் முடிச்சிருந்தா நான் பெத்துக் கொடுத்திருப்பேனே" என்றாள். அதை மட்டும் என்னால் தாங்க முடியவில்லை.

போன வீடியோவில் ஒரு தங்கை கேட்டிருந்தாள், 39 வயது, கல்யாணம் ஆகவில்லை, வாடகைத்தாய் மூலம் பெற்றுக்கொள்ளலாமா என்று. முடியாதும்மா. தனிப் பெண் என்றால் விதவையோ விவாகரத்து ஆனவரோதான், அதுவும் 35 முதல் 45 வரை. நன்கொடை விந்து வாங்கி நீயே சுமக்கலாம், இன்னொரு சட்டம் அனுமதிக்கிறது. தத்தெடுக்கலாம், அதற்கும் வழி இருக்கிறது. ஆனால் கர்ப்பப்பை இல்லாத தனிப் பெண்ணுக்கு ஒரு தடவை கல்யாணம் பண்ணி, விவாகரத்தும் வாங்கினால்தான் தகுதி! இதை எழுதினவர்களைக் கூப்பிட்டு ஒரு காபி கொடுத்துக் கேட்க வேண்டும் எனக்கு.

நன்கொடைக் கருமுட்டை பற்றிக் கேட்ட அக்காவுக்கு: 2023 மார்ச்சில் கூடாது என்று விதியை மாற்றினார்கள், 2024 பிப்ரவரியில் மறுபடி திறந்துவிட்டார்கள். கணவன் மனைவியில் ஒருவருக்கு மருத்துவக் காரணம் இருப்பதாக மாவட்ட மருத்துவக் குழு சான்று கொடுத்தால், அவருக்கு மட்டும் நன்கொடை வாங்கலாம். இரண்டு பேருடையதும் வெளியிலிருந்து என்றால் முடியாது.

திங்கட்கிழமை மதுரைக்குக் கிளம்புகிறோம், வக்கீல் அம்மா பத்து மணிக்கு வரச் சொல்லியிருக்கிறார். கருவைப் பத்து வருடம்தான் வைத்திருக்கலாம், 2031 வரை எங்களுக்குக் கெடு. ஜெராக்ஸுக்கு இன்னும் ஐந்து ஜெராக்ஸ் எடுத்து, ஒன்றைச் சித்தி வீட்டில் கொடுத்து வைத்துவிட்டேன். ஐயையோ, அந்தத் தோசைக்கல்லை இன்னும் ஊறவே போடவில்லை! வருகிறேன் மக்களே.