துரு அடியிலிருந்து வரட்டும்: ஸ்கேல் மாடலில் ஒரு பழைய கன்டெய்னர்

[காட்சி: மேசை மேல் இரண்டு நீலக் கன்டெய்னர் மாடல்கள்]

வணக்கம். இரண்டுமே 1/35 அளவு, அதாவது நிஜத்தில் 35-ல் ஒரு பங்கு, பிளாஸ்டிக் கிட். 20 அடி கன்டெய்னர் இந்த அளவில் கிட்டத்தட்ட 17 சென்டிமீட்டர் நீளம் வரும். இடது பக்கம் இருப்பது நான் முதலில் செய்தது. நீலப் பெயிண்ட் அடித்துக் காயவிட்டு, பஞ்சில் ஆரஞ்சைத் தொட்டு அங்கங்கே ஒற்றினேன். பார்ப்பவர்களுக்கு ஆரஞ்சுப் புள்ளிதான் தெரியும், துரு தெரியாது.

என் மாமா சிங்கப்பூரில் செம்பவாங் பக்கம் ஒரு ஷிப்யார்டில் பல வருஷம் வேலை பார்த்தவர். கப்பலின் பழைய பெயிண்டைச் சுரண்டி எடுத்துப் புதிது அடிப்பது அவர் வேலை. இந்த மாடலைக் கையில் வாங்கிப் பார்த்துவிட்டு, "துரு மேல வந்து உட்காராதுடா, அடியில இருந்து கிளம்பி வரும்" என்றார். வலது பக்கம் இருப்பது அதைக் கேட்ட பிறகு செய்தது.

அவர் சொன்னதன் காரணம் இதுதான். இரும்போடு தண்ணீரும் ஆக்ஸிஜனும் சேர்ந்தால் துரு. கடல் உப்பும் கூடினால் வேகம் இன்னும் அதிகம். பெயிண்ட் அந்த இரண்டையும் இரும்பை நெருங்கவிடாமல் காக்கிறது. அது பெயர்ந்த இடத்தில் துரு தொடங்குகிறது. துருவுக்கு இரும்பைவிட அதிக இடம் வேண்டும். அதனால் அது வளர வளரச் சுற்றியிருக்கும் பெயிண்டை உப்பவைத்துத் தூக்கும், அந்த வழியாக இன்னும் தண்ணீர் உள்ளே போகும்.

அப்படியென்றால் பிரஷை எடுப்பதற்கு முன்னால் இரண்டு கேள்வி: எங்கே அடிபடும், எங்கே தண்ணீர் நிற்கும்?

[காட்சி: மூலைகள், கதவின் அடிப்பகுதி, கூரை]

துறைமுகத்தில் கிரேன் கன்டெய்னரை மேலே இருக்கும் நான்கு மூலை இரும்பில் பிடித்துத்தான் தூக்கும். அடுக்கும்போது இடிபடுவதும் அந்த மூலைகள்தான். கூரையில் பள்ளம் விழுந்தால் மழைத்தண்ணீர் அங்கேயே நிற்கும். பக்கச் சுவரின் நடுவில் பெரும்பாலும் கீறல் மட்டும்தான் இருக்கும். நேரில் பார்க்க ஆசைப்பட்டால், துவாஸ் பக்கம் பஸ்ஸில் போகும்போது சிக்னலில் பக்கத்தில் வந்து நிற்கும் டிரெய்லரைக் கவனியுங்கள். நான் இதில் கற்றது பாதிக்கு மேல் பஸ் ஜன்னல் வழியாகத்தான்.

விமானம் செய்பவர்களுக்கும் ஒன்று சொல்ல வேண்டும். அலுமினியத்தில் பழுப்புத் துரு வராது. விமானத்தின் இறக்கையில் தயவுசெய்து இதைச் செய்யாதீர்கள்.

சரி, வேலைக்கு வருவோம். ப்ரைமர், அதாவது அடிப்பூச்சு, காய்ந்ததும் முதலில் துரு. முழுக்க அடர்ந்த பழுப்பு அடித்து, அதன் மேல் செம்பழுப்பை ஸ்பாஞ்சால் ஒழுங்கில்லாமல் ஒற்றுங்கள். ஆரஞ்சு கொஞ்சம் போதும். ஆரஞ்சு என்பது புதுத் துருவின் நிறம், பழசாக ஆக அது கறுத்துக்கொண்டே போகும். இது காய்ந்ததும் மேலே ஒரு பூச்சு லாக்கர் வார்னிஷ், காய்ந்தால் தண்ணீரில் கரையாத பூச்சு. இல்லையென்றால் பிற்பாடு தேய்க்கும்போது துருவும் சேர்ந்து வந்துவிடும்.

அப்புறம் ஹேர்ஸ்பிரே. பக்கத்து மளிகைக் கடையில் கிடைக்கும் சாதாரண ஹேர்ஸ்பிரே போதும். இரண்டு மெல்லிய பூச்சு. காய்ந்ததும் அதன் மேல் தண்ணீரில் கரையும் அக்ரிலிக் நீலத்தை மெல்லிசாக அடியுங்கள். அரை மணி நேரம் கழித்து, சுவர் மேல் வெதுவெதுப்பான தண்ணீரைப் பிரஷால் தடவிவிட்டு ஒரு நிமிஷம் பொறுங்கள். தண்ணீர் நீலத்தின் வழியாக இறங்கி, அடியில் இருக்கும் ஹேர்ஸ்பிரேயைக் கரைக்கும். இப்போது முடியைக் குட்டையாக வெட்டிய பிரஷால் மூலைகளில் மெல்லக் குத்துங்கள்.

[காட்சி: நீலம் சின்னச் சின்னச் செதிலாகப் பெயர்ந்து பழுப்பு தெரிகிறது]

பாருங்கள். நீலத்தின் விளிம்பு தூக்கலாக இருக்கிறது, துரு பள்ளத்தில் இருக்கிறது. இந்த ஆழம் மேலே ஒற்றிய புள்ளியில் வரவே வராது.

கை நிற்காமல் தேய்க்கத் தோன்றும், அளவை மறக்காதீர்கள். 1/35-ல் 1 மில்லிமீட்டர் செதில் உண்மையில் மூன்றரை சென்டிமீட்டர். அதுவே 1/350 கப்பல் என்றால் 35 சென்டிமீட்டர்! கப்பலில் ஊசிமுனை அளவுக்கு மேல் போகவே கூடாது.

மழைநீர் துருவை இழுத்துவந்த கறைக்கு எண்ணெய் வண்ணம்தான் எனக்குப் பிடித்தது. பர்ண்ட் சியன்னா, பர்ண்ட் அம்பர் இரண்டு டியூப் போதும், பிராஸ் பாசா காம்ப்ளெக்ஸில் ஓவியப் பொருள் விற்கும் கடைகளில் கிடைக்கும். மாடலுக்குப் பளபளப்பில்லாத மேட் வார்னிஷ் கொடுத்துவிட்டு, செதிலுக்குக் கீழே குண்டூசித் தலை அளவு வண்ணம் வையுங்கள். ஒயிட் ஸ்பிரிட்டில் (எண்ணெய் வண்ணத்தைக் கரைக்கும் திரவம்) நனைத்துத் துடைத்த பட்டைப் பிரஷால் நேராகக் கீழே இழுங்கள். பக்கவாட்டில் போகவே கூடாது, தண்ணீர் அப்படி ஓடாது.

வார்னிஷ் ஸ்பிரே அடிப்பதற்கு முன்னால் வானத்தைப் பாருங்கள். நம்மூர் ஈரக்காற்றில், அதுவும் மழை நாளில், லாக்கர் வார்னிஷ் வெள்ளையாகப் பூத்துவிடும். இரண்டு வாரம் உழைத்த ஒரு மாடலை எனக்கு அப்படிக் கெடுத்திருக்கிறது. வெயில் அடிக்கும் பகலில், முகமூடி போட்டுக்கொண்டு, ஜன்னலை முழுக்கத் திறந்துவைத்து அடியுங்கள். வீட்டுக்கு வெளியே காரிடாரில் வேண்டாம், பக்கத்து வீட்டுத் துணி காய்ந்துகொண்டிருக்கும்.

[காட்சி: வயதான ஒரு கை வலது பக்க மாடலைக் கவிழ்க்கிறது]

இது நேற்று எடுத்தது. முடித்துவிட்டேன் என்று மாமாவிடம் கொடுத்தேன். மேலே ஒரு நொடிதான் பார்த்தார், உடனே கவிழ்த்துவிட்டார். "கதவுக்கு அடியில போடலையே. தண்ணி அங்கதானேடா கடைசியா சொட்டும்?"

பிரஷைத் திரும்ப எடுத்துவிட்டேன்.