சுருதி இறக்கினால் என்ன?

வணக்கம் நேயர்களே. ரொக் பாடகர்களின் குரல் வயதோடு எப்படி மாறுகிறது என்று பேச அழைத்திருக்கிறார்கள். காதுள்ள எல்லோருக்கும் தெரிந்த விஷயம்தான், பயப்படாதீர்கள்.

லெட் செப்பலின் குழுவின் ரொபர்ட் பிளான்டையே எடுங்கள். 1970இல் இளந்தாரிப் பையன். பெண்கள் பாடும் ஸ்தாயிக்கு அநாயாசமாக ஏறி நின்று கத்துவார். அந்த உச்சத்தில் குரல் நாண்கள் விநாடிக்கு 800 தடவைக்கு மேல் அதிரும். அதுவும் இரவுக்கு இரவு, மேடை இரைச்சலில் தன் குரலே தனக்குக் கேட்காமல். நாண்கள் வீங்காமல் என்ன செய்யும்? 1973 மேடைப் பதிவுகளில் பழைய உச்சிகளைச் சுற்றிக்கொண்டு போகிறார். பிறகு வயதும் சேர்ந்தால் தசை மெலியும், குரல்வளைக் குருத்தெலும்பு இறுகும்.

2007 டிசம்பரில் லண்டனில் அந்தக் குழு மறுபடி கூடியது. அந்தக் கச்சேரி இறுவட்டை வெள்ளவத்தையில் ஒரு சிநேகிதர் வீட்டில் போட்டுப் பார்த்தோம். ஆள் கிற்றார்காரர். கூடவே வாசிக்க உட்கார்ந்தார், சேரவில்லை. தந்தியை முறுக்கினார், தட்டிப் பார்த்தார், கிற்றார் பழசு என்றார், மழைக் குளிர் என்றார். கடைசியில் ஆறு தந்தியையும் ஒரு கட்டை, அதாவது சுருதியில் ஒரு படி, இளக்கினார், கச்சிதமாகப் பொருந்தியது! பிளான்டுக்காகக் குழுவே பாட்டை அவ்வளவு இறக்கி வாசித்திருக்கிறது. "ஏமாத்துறாங்கள்" என்று ஆளுக்குக் கோபம். குசினியிலிருந்து அவருடைய அம்மா: "கிழவனுக்குச் சுருதி இறக்காமல், பின்னே?" அம்மா ஒரு காலத்தில் ஐந்தரைக் கட்டையில் பாடியவர். இப்போது பஜனைக்கு நாலு.

அம்மா சொன்னதுதான் என் கட்சியும். கச்சேரி கேட்கிற நம்மாட்கள் வித்துவான் சுருதி இறக்கினால் முகம் சுளிப்பதில்லை. ரொக் ரசிகருக்கோ அந்த இளந்தாரிக் குரல் இசைத்தட்டில் அப்படியே இருக்கிறது. அதைக் காதில் வைத்துக்கொண்டு கிழவரை அளக்கிறார். சுருதி இறக்கினால் என்ன? அதே 2007இல் அதே பிளான்ட், பாடகி அலிசன் கிராவுசோடு சேர்ந்து அடக்கமாகப் பாடிய இசைத்தொகுப்புக்கு 2009இல் ஆண்டின் சிறந்த ஆல்பத்துக்கான கிராமி விருது கிடைத்தது. கத்தாமல் கிடைத்த விருது, கவனியுங்கள். டீப் பர்ப்பிள் குழுவின் இயன் கில்லன், தன்னைப் புகழேற்றிய, உச்சியில் கத்த வேண்டிய 'சைல்ட் இன் டைம்' பாட்டை மேடையில் பாடுவதையே விட்டுவிட்டார். அதுவும் மரியாதையான வழிதான்.

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் தயாரிப்பாளர் கையைக் காட்டுகிறார். பாடகிகளைப் பற்றிப் பேச நினைத்தேன். மாதவிடாய் நின்றபின் ஹோமோன் குறைய, நாண்கள் தடித்துக் குரல் கீழே இறங்கும், அவ்வளவோடு விடுகிறேன். அப்புறம் ஏரோஸ்மித் குழுவின் பாடகர் ஸ்டீவன் டைலர்: 2023இல் குரல்வளையே முறிந்தது, 2024இல் குழு சுற்றுப்பயணங்களை நிறுத்திக்கொண்டது. அங்கே சுருதி இறக்கியும் பயனில்லை. சரி, நேரமாகிவிட்டது. நன்றி, வணக்கம்.