பொய் பேசும் தந்தி

நேயர்களுக்கு வணக்கம். கோடைக்கானலில் வீணை வைத்திருக்கும் நாங்கள் எதற்கெடுத்தாலும் பனியைத்தான் திட்டுவோம். சுருதி நிற்கவில்லையா, பனி. தந்தியை முறுக்கும் பிரடை வழுக்குகிறதா, பனி. விரலில் தடவும் தேங்காய் எண்ணெயைக்கூட இங்கே அடுப்போரம் வைத்துத்தான் உருக்க வேண்டும். புதுத் தந்தியிலேயே கோளாறு இருக்கலாம் என்பது எனக்குப் பல வருஷம் தோன்றவே இல்லை.

ஒரு சமயம் என் வீணையின் முதல் தந்தியான சாரணி கீழே ஒழுங்காகப் பேசும், மேலே போனால் அபஸ்வரம். மெழுகு இளகி, அதில் பதித்த மெட்டு, அதாவது தந்தியை அழுத்தும் கட்டை, நகர்ந்துவிட்டது என்று நானே முடிவு கட்டினேன். இந்தக் குளிரில் மெழுகு எங்கே இளகும்? அது அப்போது உறைக்கவில்லை. மேளம் கட்ட, அதாவது மெட்டுகளை மெழுகில் திரும்பப் பதிக்க, மதுரைக்குப் புறப்பட்டேன். பஸ்ஸில் வீணைக்கும் ஒரு டிக்கெட். ஆனாலும் வத்தலக்குண்டு வரை வளைவுக்கு வளைவு அது என் மடிக்கேதான் வந்தது.

பட்டறைப் பெரியவர் மெழுகைத் தொடவே இல்லை. பன்னிரண்டாவது மெட்டுக்கு நேரே விரலைப் பட்டும் படாமலும் வைத்து மீட்டினார். அப்புறம் அங்கேயே அழுத்தி மீட்டினார். இரண்டும் ஒரே மேல் ஸட்ஜம்தானே? அழுத்தினால் சுருதி ஓர் இழை கூடும், அதை விடுங்கள். இங்கே நன்றாகவே விலகியது. பக்கத்துப் பஞ்சமத் தந்தியில் பிசகே இல்லை.

"மெட்டு நகர்ந்திருந்தா எல்லாத் தந்தியும்ல கெட்டிருக்கணும்? கம்பிதாம்மா பொய்."

கம்பி ஓரிடம் கனத்து ஓரிடம் மெலிந்திருந்தால், நீளத்தில் பாதி எடையில் பாதியாக இருக்காது. சுரம் அங்கேதான் தவறுகிறது. ஒரு தந்தி மட்டும் கெட்டால் தந்தியைப் பாருங்கள்; எல்லாம் கெட்டால் மெட்டையோ தந்திகளைத் தாங்கும் குதிரையையோ பாருங்கள். மறுபடியும் சொல்கிறேன், ஒன்று மட்டும் கெட்டால் தந்தி.

கட்டுவதற்கு முன்பே கண்ணால் பார்க்கவும் வழி உண்டு. இரண்டு கையாலும் விறைப்பாக இழுத்துப் பிடித்து, வேறொருவரை மீட்டச் சொல்லுங்கள். நல்ல தந்தி இரண்டு ஓரக்கோடாகத் தெளிவாகத் தெரியும். கெட்டதில் நடுவே இன்னொரு கோடு தள்ளாடும். சுருளில் வாங்கிய வெறும் கம்பியென்றால் தலைமாற்றிக் கட்டிப் பாருங்கள், சில சமயம் தேறிவிடும். என்னுடையது பாதி தேறியது.

யாழ் நரம்புக்கே நம்மவர்கள் கொடும்புரி, மயிர், தும்பு, முறுக்கு என்று நான்கு குற்றம் சொன்னார்கள். சிந்தாமணியில் சீவகன் வாசிக்கும் முன்பே நரம்பின் புரியைப் பிரித்து உள்ளே கிடந்த மயிரைக் காட்டுகிறான். போட்டிக்கு வந்த இடத்தில்! எனக்கு அந்தத் துணிச்சல் இருந்திருந்தால் மதுரைச் செலவு மிச்சம்.

மந்தரம், அனுமந்தரம் என்ற கீழ்ச்சுருதிச் சுற்றுக்கம்பிகள் பற்றி நிறையச் சொல்ல நினைத்தேன், கண்ணாடிக்கு அந்தப் பக்கம் கை காட்டுகிறார்கள். சரி, இரண்டே விஷயம். சுற்றுக்கம்பியின் நுனியை மடக்கிவிட்டு நறுக்குங்கள். இல்லாவிட்டால் சுற்று தளர்ந்து கரகரக்கும், அது கடைக்காரர் குற்றமில்லை. கெட்ட கம்பியை மாற்றப் போனால் அதே சுருளிலிருந்து இன்னொரு துண்டு வாங்கி வராதீர்கள். வணக்கம்.