கார்பன் வட்டத்தில் யார் கையை யார் பிடிப்பது?

நேயர்களுக்கு வணக்கம்.

கார்பனுக்கு நாலு கை என்று பள்ளியில் படித்திருப்பீர்கள். பதினெட்டு கார்பன் அணுக்களைக் கும்மியடிக்க நிற்பவர்கள் மாதிரி வட்டமாக நிறுத்துங்கள். கூட வேறு அணு எதுவும் கிடையாது. ஒவ்வொன்றும் தன் நாலு கையையும் பக்கத்தில் நிற்கிற இருவருக்கே கொடுத்தாக வேண்டும். இந்தப் பக்கம் இரண்டு, அந்தப் பக்கம் இரண்டு என்று கொடுத்தால் இடைவெளி எல்லாம் ஒரே அளவு. ஒரு பக்கம் மூன்று, மறுபக்கம் ஒன்று என்றால் நெருக்கமும் விலகலும் மாறி மாறி வரும். எது சரி?

விடுகதை மாதிரி இருந்தாலும், மூலக்கூறுகளைக் கணினியில் கணக்குப் போட்டுப் பார்க்கிற கணக்கீட்டு வேதியியல்காரர்களை இது நெடுநாள் படுத்தியெடுத்தது. இப்படி ஒரு வட்டம் நிலைக்கக்கூடும் என்று வேதியியலர் ரோல்ட் ஹாஃப்மன் 1966-லேயே எழுதிவிட்டார். வடிவம் என்ன என்பதில்தான் தகராறு. ஹார்ட்ரீ-ஃபாக் என்ற கணக்கீட்டு முறை மூன்று-ஒன்று என்றது. நாங்கள் அன்றாடம் புழங்குகிற இன்னொரு கணக்கீட்டு முறையான பி3லிப் இரண்டு-இரண்டு என்றது. முன்னது எலக்ட்ரான்கள் ஒன்றையொன்று பார்த்து ஒதுங்குவதைக் கணக்கில் எடுக்காது. அதனால் அவற்றைப் பிணைப்புக்குள் கட்டிப்போடும். பின்னது அளவுக்கு மீறி வட்டம் முழுக்கப் பரவவிடும்.

நானும் போட்டுப் பார்த்திருக்கிறேன். பி3லிப்பில் பதினெட்டுப் பிணைப்பின் நீளமும் 1.28 ஆங்ஸ்ட்ராமை (மீட்டரில் ஆயிரம் கோடியில் ஒரு பங்குதான் ஓர் ஆங்ஸ்ட்ராம்) ஒட்டி நின்றன. உள்ளீட்டுக் கோப்பில் முறையின் பெயரை மட்டும் எம்06-2எக்ஸ் என்ற வேறொரு முறைக்கு மாற்றினேன். 1.22, 1.35, மறுபடி 1.22! (ஒன்று கவனிக்க வேண்டும்: தொடக்க வடிவத்தைச் சற்றுக் கோணலாகக் கொடுங்கள். கச்சிதமான வட்டத்தைக் கொடுத்தால் நிரல் அதே சமச்சீரைப் பிடித்துக்கொண்டு அசையாது.)

வழக்கு 2019-ல் தீர்ந்தது. சூரிச் ஐபிஎம் ஆய்வகமும் ஆக்ஸ்ஃபோர்டு பல்கலைக்கழகமும் சேர்ந்து அந்த வட்டத்தையே செய்துவிட்டன. தாமிரத்தின் மேல் இரண்டே அடுக்கு சமையல் உப்பு. குளிர், கழித்தல் 268 டிகிரி செல்சியஸ். 24 கார்பனும் 6 ஆக்சிஜனும் கொண்ட மூலக்கூறை அதன்மேல் வைத்து, அணுக்களை ஊசியால் தடவி அறிகிற நுண்ணோக்கியின் ஊசிமுனையால் மின்துடிப்பு கொடுத்து, ஆறு கார்பன் மோனாக்சைடையும் கழற்றினார்கள். மிஞ்சியது பதினெட்டு. ஊசிமுனையில் ஒற்றைக் கார்பன் மோனாக்சைடு மூலக்கூறை ஒட்டவைத்துத் தடவிப் பார்த்தபோது, வட்டத்தில் ஒன்பது இடம் பளிச்சென்று தெரிந்தது. ஒன்பதும் முப்பிணைப்புகள், அதாவது மூன்று கை கொடுத்த இடங்கள். மூன்று-ஒன்றுதான் ஜெயித்தது.

ஆனால் எல்லா வட்டத்துக்கும் இதே தீர்ப்பு இல்லை. 2023-ல் ஷாங்காயின் டோங்ஜி பல்கலைக்கழகத்தார் பத்து கார்பன் வட்டத்தையும் பதினான்கு கார்பன் வட்டத்தையும் செய்தார்கள். பத்து, இரண்டு-இரண்டு. பதினான்கு நடுவாந்திரம்: நெருக்கமும் விலகலும் உண்டு, பதினெட்டில் உள்ள அளவுக்கு இல்லை.

இப்போதெல்லாம் மாணவர் யாராவது புது முறை ஒன்றைத் தூக்கிக்கொண்டு வந்தால், முதலில் பதினெட்டைப் போடச் சொல்வேன். ஒன்பது வருகிறதா, பார்த்துவிட்டு வா, அப்புறம் பதினான்கைப் பேசலாம் என்பேன்.

வணக்கம்.