பெல்லின் மஞ்சள் கவுனை 1750களின் உடையாகத் தைப்பது எப்படி?

அடுத்த கேள்வி. "டிஸ்னியின் 1991ஆம் ஆண்டு 'பியூட்டி அண்ட் த பீஸ்ட்' அனிமேஷன் படத்தில், நடனக் காட்சியில் பெல் போட்டிருக்கும் மஞ்சள் கவுனை அந்தக் காலத்து முறைப்படியே தைக்க ஆசை. ஆனால் தோள் தெரியும் கழுத்து, நீளக் கையுறை, மணி மாதிரிப் பாவாடை எதுவுமே 18ஆம் நூற்றாண்டு இல்லை என்கிறார்கள். எல்லாவற்றையும் எடுத்துவிட்டால் அது பெல் என்றே தெரியாதே? அப்புறம், மெஷினில் தைக்கலாமா?"

உங்களிடம் அப்படிச் சொன்னவர்கள் பாதிதான் சரி. பாவாடையின் வடிவமும் அந்தக் கையுறையும் போகத்தான் வேண்டும். தோள் போக வேண்டியதில்லை. ஆனால் அதைக் காப்பாற்ற, எந்த வகை உடை என்பதைக் கொஞ்சம் கவனமாகத் தேர்ந்தெடுக்க வேண்டும்.

முதலில் ஆண்டு. படம் ஆண்டு எதையும் சொல்வதில்லை. கதைக்கு ஆண்டு இருக்கிறது. வில்னெவ் அம்மையார் எழுதிய நீளமான வடிவம் 1740இல் வந்தது, போமோன் அம்மையார் சுருக்கி எழுதியது 1756இல். அதனால் நான் 1750களை எடுத்துக்கொள்வேன். 'பொதுவாக 18ஆம் நூற்றாண்டு' என்று வைத்துக்கொண்டு வேலையில் இறங்கினால் 1720இன் கை, 1780இன் கூந்தல் என்று எல்லாம் கலந்துவிடும். ஒரே ஒரு பத்தாண்டைப் பிடித்துக்கொள்ளுங்கள்.

அடுத்தது சந்தர்ப்பம். பெரும்பாலானவர்கள் உடனே போவது 'ரோப் ஆ லா ஃபிரான்ஸேஸ்' என்ற கவுனுக்கு. பின்கழுத்திலிருந்து தரை வரை விழும் பெட்டி மடிப்பு, முன்னால் திறந்து உள்பாவாடை தெரியும் அமைப்பு, நெஞ்சில் குண்டூசியால் குத்தி நிறுத்தும் முக்கோணத் துண்டு. அழகான உடை, சந்தேகமே இல்லை. ஆனால் அதில் தோள் மூடிவிடும், கழுத்து சதுரமாக இருக்கும். மஞ்சள் பட்டில் தைத்துப் போட்டாலும் யாரும் பெல் என்று சொல்ல மாட்டார்கள்.

வெர்சாய் அரண்மனையில் இன்னொரு உடை இருந்தது. 'கிராண்ட் அபி' என்ற அரசவை உடை. பதினான்காம் லூயி காலத்தில் வழக்கமாகி, பிரெஞ்சுப் புரட்சி வரை அடிப்படை மாறாமல் வந்தது. அதன் கழுத்து அகலமான நீள்வட்டம், தோள் வெளியே தெரியும். உங்களுக்கு வேண்டியது இதுதான். ஒரு கண்டுபிடிப்பாளரின் மகளிடம் அரசவை உடை எப்படி இருக்கும் என்று கேட்பார்கள். அவள் போவது ஓர் இளவரசனின் கோட்டைக்கு, அங்கே பேசுகிற அலமாரியே இருக்கிறது. எனக்கு அந்தக் காரணம் போதும்.

இந்த உடை மூன்று துண்டு: ரவிக்கை, பாவாடை, இடுப்பில் மாட்டும் நீளமான பின்தொங்கல். இதில் ரவிக்கைதான் கஷ்டமான வேலை, முக்கால்வாசி நேரம் அதற்கே போகும். சாதாரண கவுனுக்குள் ஸ்டேஸ் என்ற இறுக்கமான உள்ளாடை தனியாக இருக்கும். இங்கே ரவிக்கையே ஸ்டேஸ். கெட்டியான லினன் அடுக்குகளில் வரிவரியாகத் தைத்து, ஒவ்வொரு வரிக்குள்ளும் கம்பி மாதிரி ஒரு துண்டைச் செருகி, மேலே பட்டுத் துணியைப் போர்த்துவார்கள். அந்தக் காலத்தில் செருகியது திமிங்கலத்தின் வாயில் இருக்கும் பலீன் தகட்டைக் கீறி எடுத்த துண்டு. இன்று அதே மாதிரி வளையும் செயற்கை பலீன் பிளாஸ்டிக்கில் கிடைக்கிறது. மெல்லிய பிரம்பும் சரிதான். இரும்புப் பட்டை வேண்டாம், விழும் வடிவமே மாறிவிடும்.

வெட்டுவதற்கு வழிகாட்டி வேண்டுமென்றால் 1769இல் கார்ஸோ என்பவர் தையல்காரர் தொழிலைப் பற்றி எழுதிய பிரெஞ்சு நூலைப் பாருங்கள். அரசவை ரவிக்கையின் துண்டுகள் படமாகவே இருக்கின்றன. உண்மையான உடையைப் பார்க்க வேண்டுமா? ஸ்வீடன் அரசி சோஃபியா மக்தலேனாவின் 1766ஆம் ஆண்டு திருமண உடை ஸ்டாக்ஹோமில் லிவ்ரூஸ்ட்காமரன் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. அதன் இடுப்பு அகலத்தைப் பார்த்தால் கதவுக்குள் எப்படி நுழைந்தார் என்றுதான் முதலில் தோன்றும்.

ரவிக்கையின் முதுகில் கயிறு கோப்பது குறுக்கும் நெடுக்குமாக அல்ல, ஒரே கயிறு சுருள் போல ஏறும். கயிறு கோக்கும் ஓட்டைக்கு (ஐலெட்) உலோக வளையம் போடாதீர்கள், அது 1820களில்தான் வந்தது. துளைக்கும்போது துணியை வெட்டாமல், கூர்க்கம்பியால் இழைகளை விலக்கி ஓட்டை போட்டு, சுற்றிலும் கெட்டி நூலால் தைத்துவிடுங்கள். இழை அறுபடாததால் இழுப்பு தாங்கும்.

சரி, பாவாடை. படத்தில் இருக்கும் வட்ட மணி வடிவம் 1850களின் கிரினோலின் என்ற வளையக்கூட்டுக்குச் சொந்தம். நமக்கு வேண்டியது இரண்டு பக்கமும் அகன்று, முன்னும் பின்னும் தட்டையாக இருக்கும் 'பானியே', பாவாடைக்குள் கட்டும் சட்டகம். அரசவை அளவு அவசியமில்லை, நீங்கள் ஆட வேண்டுமே, அடக்கமாகவே கட்டுங்கள். ஒன்றை மட்டும் மறக்க வேண்டாம்: பாவாடையின் அடிவிளிம்பு நேராக இருக்க வேண்டும். பானியே மேல் ஏறி இறங்கக் கூடுதல் நீளம் பக்கத்தில் தேவை, அந்தக் கணக்கை எல்லாம் இடுப்பு விளிம்பில் தீர்ப்பார்கள். நடுவில் குறைத்து, பக்கங்களில் உயரமாக விட்டு வெட்டுவார்கள். அடியை வளைத்து வெட்டினால் பார்த்தவுடனே புதுக்காலத் தையல் என்று தெரிந்துவிடும். படத்தில் பாவாடைமேல் வளைவு வளைவாகத் தொங்கும் துணி இருக்கிறதே, அதை எடுக்க வேண்டாம். அரசவைப் பாவாடைகளில் அப்படித் தொங்கவிடுவது வழக்கம்தான். ஓவியர் விஜே லெ பிரன் 1778இல் வரைந்த பிரெஞ்சு அரசி மரி அந்துவானெத்தின் ஓவியத்தில் அந்த மாதிரி அலங்காரத்தைப் பார்க்கலாம். ஆண்டு கொஞ்சம் தள்ளித்தான், ஆனாலும் யோசனைக்கு உதவும்.

துணி, பட்டு டாஃபெட்டா அல்லது பட்டு சாட்டின். பாலியஸ்டர் சாட்டின் விளக்கு வெளிச்சத்தில் வேறு மாதிரி மின்னும், காட்டிக்கொடுத்துவிடும். அன்றைய பட்டு ஏறக்குறைய 50 முதல் 55 செ.மீ. அகலம்தான். இன்றைய அகலத் துணியை வாங்கி அந்த அளவுக்குப் பிரித்துச் சேர்த்துத் தைத்தால், மூட்டுகள் விழும் இடம்கூட சரியாக வரும். மஞ்சள் நிறத்தில் தவறே இல்லை. வெல்ட் செடியையும் படிகாரத்தையும் வைத்து அருமையான மஞ்சள் எடுத்தார்கள். பொன்னிறம் வேண்டுமானால் துளி சிவப்பு சேரும், அவ்வளவுதான்.

முழங்கைக்கு மேல் ஏறும் கையுறையை விட்டுவிடுங்கள். அந்த இடத்தில் குட்டைக் கையின்மேல் வரிசை வரிசையாக லேஸ் வரும். கூந்தல் அவிழ்ந்து தொங்கக் கூடாது, 1750களில் தலையோடு ஒட்டிய சிறிய சுருள்கள்தான். மாவுப் பொடி போடாமல் பழுப்பாகவே விட்டால் பெல் சாயல் நிற்கும். அது நான் கொடுக்கும் சலுகை.

மெஷின் கேள்விக்கு வருகிறேன். அன்று தையல் மெஷின் கிடையாது, அதனால் 'முழுக்க அந்தக் கால முறை' என்று சொல்லப்போகிறீர்கள் என்றால் எல்லாம் கையால்தான். அப்படிச் சொல்லப்போவதில்லை என்றால், பாவாடையின் நீள மூட்டுகளையும் லினன் அடுக்கில் பலீனுக்கான வரிகளையும் மெஷினில் ஓட்டுங்கள். வரிகள் பட்டுக்கு அடியில் மறைந்துவிடும். விளிம்பு மடிப்பு, ஐலெட், லேஸ் பிடிப்பு மூன்றும் வெளியே தெரிபவை, அவற்றைக் கையால் தைத்துவிடுங்கள்.