அனாமத்துக் கணக்கு

நேயர்களுக்கு என் வணக்கம். அன்றாட மன அழுத்தத்தைப் பற்றிப் பேசுமாறு நிலையத்தார் கேட்டபோது, நான் மருத்துவர் அல்லவே என்று தயங்கினேன். முப்பத்தோர் ஆண்டுகள் வங்கியில் பேரேடுகளோடு காலம் கழித்துவிட்டு, ஓய்வு பெற்ற பின் ஆலோசனை மையம் ஒன்றில் தன்னார்வலராக அமர்ந்து, வருகிறவர்கள் சொல்வதைக் காதுகொடுத்துக் கேட்பவள் நான். அங்கே நான் அடிக்கடி கேட்கும் வாக்கியம், "எதை முதலில் செய்வதென்றே தெரியவில்லை, மலைப்பாக இருக்கிறது" என்பதாகும். மின்கட்டணத்துக்கு இன்று கடைசி நாள், மாமியாருக்கு மாத்திரை தீர்ந்துவிட்டது, மகனின் பள்ளியிலிருந்து வரச் சொல்லியிருக்கிறார்கள், அலுவலகத்தில் மேலாளர் முகம் கொடுத்துப் பேசவில்லை. இவற்றில் எந்த ஒன்றும் மலையில்லை, ஆனால் எல்லாம் ஒரே நேரத்தில் தலைக்குள் சுற்றும்போது மலைப்பு வந்துவிடுகிறது.

இந்த இடத்தில் ஒரு பழைய கதையைச் சொல்ல அனுமதிக்க வேண்டும். 1984-ஆம் ஆண்டு, தீபாவளிக்கு நான்கைந்து நாள் இருந்தது. கணிப்பொறி எங்கள் கிளைக்கு வராத காலம். அன்றைய வரவையும் பற்றையும் கையால் கூட்டி, இரு பக்கமும் சரியாக இருந்தால்தான் வீட்டுக்குப் போகலாம். அன்று 27 ரூபாய் இடித்தது. பதினான்கு பேர் மாறி மாறிக் கூட்டினோம். ஒவ்வொருவர் கூட்டலும் ஒவ்வொரு விடையைத் தந்தது. இரவு எட்டரை மணி. என் மகளின் பட்டுப்பாவாடை தையற்கடையில் இருந்தது, கடை ஒன்பது மணிக்கு மூடிவிடும், கடைசிப் பேருந்து அதற்குப் பின் அரை மணியில். நான் கூட்டிய எண்களுக்கு நடுவே பாவாடையும் பேருந்தும் வந்து உட்கார்ந்துகொண்டிருந்தன.

எங்கள் கணக்காளர் பேரேட்டை மூடினார். "அம்மா, இந்த 27 ரூபாயை இன்றைக்கு அனாமத்தில் வைத்துவிட்டுப் போங்கள். நாளைக் காலை பத்து மணிக்கு நீங்களே எடுத்துப் பாருங்கள்" என்றார். அனாமத்துக் கணக்கு என்றால், இன்ன தலைப்பு என்று இன்னும் தெரியாத தொகையைத் தற்காலிகமாக நிறுத்திவைக்கும் கணக்கு. மறுநாள் காலை பத்து நிமிடத்தில் கண்டுபிடித்துவிட்டேன். ஒருவர் கணக்கில் 4,163 என்று எழுத வேண்டியதை 4,136 என்று எழுதியிருந்தோம். வித்தியாசம் ஒன்பதால் வகுபட்டால் இலக்கங்கள் இடம் மாறியிருக்கக்கூடும் என்பது வேலைக்குச் சேர்ந்த முதல் மாதத்திலேயே எங்களுக்குச் சொல்லித் தரும் பாடம். 27 ஒன்பதால் வகுபடும் என்று பதினான்கு பேரில் ஒருவருக்குக்கூட அந்த இரவில் தோன்றவில்லை.

அது ஏன் என்று பல ஆண்டுகள் கழித்துப் படித்துத் தெரிந்துகொண்டேன். யேல் பல்கலைக்கழகத்தில் ஏமி ஆர்ன்ஸ்டன் என்ற நரம்பியலாளர் செய்த ஆய்வுகளின்படி, நம் கட்டுப்பாட்டில் இல்லாத நெருக்கடி, அது சிறியதாயினும், நெற்றிக்குப் பின்னாலுள்ள மூளைப் பகுதியின் வேலையை மட்டுப்படுத்திவிடுகிறது. திட்டமிடுவதும் வரிசைப்படுத்துவதும் அந்தப் பகுதியின் வேலை. ஆகவே, மலைத்து நிற்கிறவரிடம் "கொஞ்சம் யோசித்துச் செய்யக்கூடாதா" என்று கேட்பதில் பயனில்லை. யோசிக்கிற கருவியே அப்போது மந்தமாக இருக்கிறது. வீட்டில் இருப்பவர்கள் இதைத் தயவுசெய்து நினைவில் வைக்க வேண்டும்.

அப்படியானால் மனத்துக்கும் ஓர் அனாமத்துக் கணக்கு வேண்டும் என்பது என் கட்சி. புளூமா செய்கார்னிக் என்ற உளவியலாளர் பெர்லினில் சோதனைகள் நடத்தி, முடித்த வேலையைவிட இடையில் நிறுத்தப்பட்ட வேலையே நினைவில் அதிகம் தங்குகிறது என்று 1927-இல் எழுதினார். பின்னால் அதே சோதனையைச் செய்த எல்லோருக்கும் அந்த விடை கிடைக்கவில்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும். எனக்கு அதைவிடப் பயன்பட்டது, 2011-இல் மாசிகாம்போ, பாமைஸ்டர் என்ற இருவர் வெளியிட்ட ஆய்வு. முடியாத வேலை மனத்தை நச்சரிப்பதை நிறுத்த, அதை முடித்தே ஆக வேண்டியதில்லை, எப்போது, எப்படிச் செய்வோம் என்று திட்டவட்டமாக முடிவு செய்தாலே போதும் என்று அவர்கள் கண்டார்கள். எங்கள் கணக்காளர் "நாளைக் காலை பத்து மணிக்கு" என்று சொன்னாரே, அதுதான் இது.

மையத்துக்கு வந்த ஒரு பெண்ணிடம் நாற்பது பக்க நோட்டு ஒன்றைக் கொடுத்து, மனத்தில் இருப்பதையெல்லாம் வரிக்கு ஒன்றாக எழுதச் சொன்னேன். இருபத்து மூன்று வரி வந்தது. ஒவ்வொன்றுக்கும் எதிரே தேதி போடச் சொன்னபோது, அந்த வாரத்துக்கென்று ஐந்துதான் தேறின. ஒரு வரிக்கு எதிரே அவர் வெகுநேரம் பேனாவை வைத்திருந்துவிட்டு, "இது என் வேலையே இல்லை, என் நாத்தனாருடையது" என்று அடித்துவிட்டார்.

தேதி போடுவது முக்கியம், மறுபடியும் சொல்கிறேன், தேதி போடுவது முக்கியம். தேதியில்லாமல் அனாமத்தில் கிடக்கும் தொகை வங்கியில் பின்னால் பெரிய தலைவலியாகும். தணிக்கைக்கு வருகிறவர் முதலில் புரட்டுவது அந்தப் பக்கத்தைத்தான். நோட்டில் எழுதிவிட்டு மறந்துபோவதும் அப்படியே.

கண்ணாடிக்கு அப்பால் இரண்டு விரல் காட்டுகிறார்கள். மூச்சைப் பற்றி விரிவாகச் சொல்ல எண்ணியிருந்தேன், சுருக்கிவிடுகிறேன். மணிக்கட்டில் நாடியைத் தொட்டுப் பாருங்கள். மூச்சை இழுக்கும்போது நாடி சற்று விரையும், விடும்போது தணியும். பலருக்கு விரலுக்கே தெரியும். எனவே பேரேட்டைத் திறப்பதற்கு முன், நோட்டை என்று சொல்ல வந்தேன், இழுப்பதைவிட மெதுவாக மூச்சை விட்டு ஐந்தாறு முறை பார்க்கலாம். உறக்கமும் உணவும் பல வாரமாகக் குலைந்திருந்தாலோ, வாழவே வேண்டாம் என்ற எண்ணம் எட்டிப் பார்த்தாலோ, இந்த நோட்டு போதாது. டெலி மானஸ் என்ற அரசுத் தொலைபேசி உதவி 2022 அக்டோபர் முதல் இருக்கிறது. கட்டணமில்லை, தமிழிலேயே பேசலாம். எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள்: 14416. ஒன்று, நான்கு, நான்கு, ஒன்று, ஆறு. வணக்கம்.